விபிஎன்னுக்குப் பெரிய பிளான் எதற்கு?

வீட்டிலிருந்து அலுவலக விபிஎன்னில் வேலை செய்கிறவர், கோப்பு திறக்கவில்லை, திரை உறைந்துபோகிறது என்று யாரிடமாவது முறையிட்டால், முதலில் வரும் கேள்வி 'என்ன பிளான் போட்டிருக்கிறீர்கள்?' என்பதுதான். 40 எம்பிபிஎஸ் என்றால் 100-க்கு மாறச் சொல்வார்கள். 100 என்றால் 300. 300-லும் சரியாகவில்லை என்றால், இன்னும் பெரிய எண்ணை விளம்பரத்தில் போட்டிருக்கும் வேறொரு நிறுவனத்துக்குப் போகச் சொல்வார்கள். அலுவலக ஐடி பிரிவின் சுற்றறிக்கையும் வீட்டில் குறைந்தபட்சம் இத்தனை எம்பிபிஎஸ் இருக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடும். கெட்ட எண்ணத்தில் சொல்லப்படும் அறிவுரை இல்லை இது. ஆனால் பெரும்பாலான வீடுகளுக்குத் தவறான அறிவுரை. விபிஎன் என்பது உங்கள் வீட்டிலிருந்து குறிப்பிட்ட ஒரே ஒரு சர்வருக்குப் போகும் பாதை. அந்தப் பாதை எவ்வளவு நீளம், வழியில் எத்தனை பாக்கெட்டுகள் (தகவல் துண்டுகள்) தொலைகின்றன, எந்தெந்த நிறுவனங்களின் கைமாறிப் போகிறது என்பவைதான் அதன் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. பிளானில் அச்சடித்த எண் அந்தப் பாதையின் முதல் சில கிலோமீட்டரைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

முதலில் தேவையைப் பார்ப்போம். முழுத் தெளிவுடன் ஒரு வீடியோ கூட்டத்துக்கு ஜூம் தானே சொல்லும் தேவை, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனியே 4 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுவதில்லை. அலுவலகக் கணினியின் திரையை வீட்டிலிருந்து இயக்குவதற்குச் சில எம்பிபிஎஸ் போதும். மின்னஞ்சல், சாட், உலாவியில் ஓடும் நிறுவன மென்பொருள் எல்லாம் அதற்கும் கீழே. ஒருவர் விபிஎன்னில் செய்யும் வேலை முழுவதையும் கூட்டினாலும் 30 எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும். 100 எம்பிபிஎஸ் வைத்திருப்பவருக்கு விபிஎன் தள்ளாடுகிறது என்றால் குறை அகலத்தில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 100-லிருந்து 300-க்கு மாறும்போது வாசலுக்கு வந்த ஃபைபர் மாறுவதில்லை, தெருவிலிருக்கும் பெட்டி மாறுவதில்லை, உங்கள் தகவல் சிங்கப்பூருக்கோ அமெரிக்காவுக்கோ போகும் வழியும் மாறுவதில்லை. உங்கள் கணக்குக்கு விதித்திருக்கும் உச்சவரம்பை மட்டும் எங்கோ ஒரு சர்வரில் உயர்த்துகிறார்கள். வீட்டு வாசலில் எட்டு வழிச்சாலை போட்டுக்கொண்டாலும் பொங்கலுக்கு முந்தின நாள் பரனூர் சுங்கச்சாவடியில் நின்றுதான் ஆக வேண்டும்.

இனி தூரம். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அப்படியானால் 100 கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்த் திரும்ப 1 மில்லிசெகண்ட். இதை எந்த நிறுவனமும் எந்தப் பிளானாலும் குறைக்க முடியாது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நேராகக் கிடக்கும் கடலடிக் கேபிள்கள் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளம். ஆகவே போய்வர 32 மில்லிசெகண்ட் கட்டாயம், நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் பூமியின் மேல் வரையக்கூடிய மிகக் குறுகிய கோடே 13,000 கிலோமீட்டரைத் தாண்டும். கேபிள் அந்தக் கோட்டில் போவதில்லை. வளைந்து நெளிந்து போகிறது. அதனால் அமெரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள விபிஎன் நுழைவாயிலுக்குப் போய்வர 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆவது இயல்பு. கால் வினாடிதானே என்று தோன்றும். ஆனால் அலுவலக மென்பொருள் பல, ஒரு கோப்பைத் திறக்க சர்வரிடம் ஒரு முறை கேட்டுவிட்டு ஓய்வதில்லை. அனுமதி உண்டா, அளவு என்ன, கடைசியாக மாற்றியது எப்போது, முதல் பகுதி தா, அடுத்த பகுதி தா என்று போய்ப்போய் வரும். ஒரு கோப்புக்கு 50 முறை போய்வர வேண்டியிருந்தால், 30 மில்லிசெகண்ட் தொலைவில் ஒன்றரை வினாடியில் முடியும். 220 மில்லிசெகண்ட் தொலைவில் 11 வினாடி பிடிக்கும். இந்த 11 வினாடி 40 எம்பிபிஎஸ்ஸிலும் 11 தான், 1,000 எம்பிபிஎஸ்ஸிலும் 11 தான்.

தூரத்தோடு இழப்பும் சேர்ந்தால் கணக்கு இன்னும் மோசமாகும். இணையத்தில் பெரும்பாலான தகவல் டிசிபி என்ற நெறிமுறையில் பயணம் செய்கிறது. பாக்கெட் ஒன்று தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைச் சட்டென்று குறைப்பது, பிறகு போய்வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது என்பது அதன் வழக்கம். 1997-ல் மாத்திஸ் உள்ளிட்ட நால்வர் இதை ஒரு சிறு சமன்பாடாக்கினார்கள். ஒரு டிசிபி ஓட்டம் எட்டக்கூடிய வேகம், போய்வரும் நேரத்துக்கும் இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்துக்கும் எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது அதன் சாரம். விபிஎன்னுக்குள் போகும் வழக்கமான பாக்கெட் அளவை அதில் இட்டுப் பாருங்கள். 220 மில்லிசெகண்ட் தொலைவில் ஆயிரத்துக்கு ஒரு பாக்கெட் தொலைந்தால் ஓர் ஓட்டம் 2 எம்பிபிஎஸ்ஸைக்கூட எட்டாது. அதே இழப்பு 35 மில்லிசெகண்ட் தொலைவில் நேர்ந்தால் 12 எம்பிபிஎஸ் வரும். தொலைவு 220 ஆகவே இருந்து இழப்பு லட்சத்துக்கு ஒன்றாகக் குறைந்தால் 19-ஐத் தொடும். சமன்பாட்டில் உங்கள் பிளானின் எண்ணுக்கு இடமே இல்லை என்பதைப் பாருங்கள். அந்த எண் ஒரு கூரை. இங்கே பேசுவது கூரைக்கு வெகு கீழே நடப்பதைப் பற்றி. இது பழைய பாணி டிசிபிக்குப் போட்ட கணக்கு என்பதும் உண்மைதான். இன்றைய கணினிகளில் இருக்கும் க்யூபிக் என்ற டிசிபி வகை இதைவிட மேல். 2016-ல் கூகுள் வெளியிட்ட பிபிஆர் இழப்பைக் கண்டு அவ்வளவாக மிரளாது. ஆனால் மறுமுனையில் இருக்கும் அலுவலகக் கோப்பு சர்வர் எதைப் பயன்படுத்துகிறது என்பது நம் கையில் இல்லை. எண்கள் மாறினாலும் தொலைவும் இழப்பும் சேர்ந்தால் வேகம் சரியும் என்ற திசை மாறுவதுமில்லை.

அந்தமானின் கதை இதற்கு நல்ல சான்று. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்றத் தீவுகளுக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் திறக்கப்படும்வரை தீவுகளின் வெளியுலகத் தொடர்பு செயற்கைக்கோளை நம்பியிருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் இருப்பது 36,000 கிலோமீட்டர் உயரத்தில். கேள்வி ஒருமுறை ஏறி இறங்க வேண்டும், பதில் இன்னொருமுறை. இதிலேயே அரை வினாடி போய்விடும். செயற்கைக்கோள் நிறுவனங்கள் இந்தத் தொலைவை மறைக்க ஒரு தந்திரம் வைத்திருக்கின்றன. பாக்கெட் இன்னும் விண்ணுக்குப் போகும் முன்பே 'வந்து சேர்ந்தது' என்று உங்கள் கணினிக்குப் பொய்யாக ஒப்புகை கொடுத்து, அது தயங்காமல் மேலும் அனுப்பும்படி செய்துவிடுவார்கள். சாதாரண உலாவலுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். விபிஎன் போட்டவுடன் தந்திரம் பலிக்காமல் போகிறது. உள்ளே இருக்கும் டிசிபி தலைப்பு முழுவதும் குறியாக்கம் ஆகிவிடுவதால் இடையில் நிற்கும் கருவிக்கு எதற்கு ஒப்புகை கொடுப்பதென்றே தெரியாது. இணைய நிறுவனம் தன் வலையமைப்பின் குறைகளை எப்படியெல்லாம் பூசி மெழுகியிருந்தாலும் விபிஎன் அந்தப் பூச்சைச் சுரண்டிவிடும். விபிஎன் இல்லாமல் எல்லாம் நன்றாக ஓடுகிறதே, குறை விபிஎன்னில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

'ஸ்பீட் டெஸ்ட்டில் முழு வேகமும் வருகிறதே' என்பது அடுத்த வாதம். ஸ்பீட் டெஸ்ட் பொய் சொல்வதில்லை. நாம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது. ஊக்லாவின் சோதனை, இயல்பாகவே அருகிலுள்ள சர்வர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. பல நேரம் அந்த சர்வர் உங்கள் நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். நெட்ஃபிளிக்ஸின் ஃபாஸ்ட் சோதனை அளப்பது நெட்ஃபிளிக்ஸ் சர்வர்களுக்கான பாதையை, அவற்றையும் பெரிய இணைய நிறுவனங்கள் தங்கள் கட்டடத்திலேயே வைத்திருக்கின்றன. இரண்டு சோதனைகளும் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து கூட்டுத்தொகையைக் காட்டுகின்றன. விபிஎன்னோ இதற்கு நேர்மாறு. உங்கள் கணினியில் இருபது செயலிகள் பேசினாலும் வெளியிலிருந்து பார்க்கும் ரௌட்டருக்கு அது ஒரே முகவரியிலிருந்து ஒரே முகவரிக்குப் போகும் ஒரே ஓட்டம். இதன் விளைவு பலருக்குத் தெரியாது. பெரிய நிறுவனங்களின் ரௌட்டர்களுக்கு நடுவே பல இணைப்புகள் பக்கம்பக்கமாக ஓடுகின்றன. ஒவ்வோர் ஓட்டத்தையும் அதன் முகவரி, போர்ட் எண்களை வைத்து ஏதோ ஓர் இணைப்பில் சேர்த்துவிடுவார்கள். சாதாரண உலாவலில் உங்கள் தகவல் எல்லா இணைப்பிலும் பரவிப் போகும். ஒன்று நெரிசலில் இருந்தால் ஒரு படம் மட்டும் தாமதமாக வரும், நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். விபிஎன்னில் அத்தனையும் ஒரே இணைப்பில் விழுகிறது. அது நெரிசலான இணைப்பாக இருந்தால் அன்றைய வேலை முழுவதும் அதில் மாட்டிக்கொள்ளும். இணைப்பைத் துண்டித்து மறுபடி போட்டவுடன் சரியாகிவிட்டது என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், போர்ட் எண் மாறி ஓட்டம் வேறு இணைப்புக்குப் போயிருக்கும்.

பாதைதான் முக்கியம் என்பதற்கு ஆகத் தெளிவான சான்று அமெரிக்காவில் 2014-ல் கிடைத்தது. அங்கே காம்காஸ்ட், வெரைஸன் வாடிக்கையாளர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் மாதக்கணக்கில் திணறியது. அந்த ஆண்டு ஜூலையில் வெரைஸனின் 75 எம்பிபிஎஸ் ஃபைபர் வைத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் தன் வீட்டு இணைப்பில் நெட்ஃபிளிக்ஸை அளந்து காட்டினார். கிடைத்தது 375 கேபிபிஎஸ், அதாவது பிளானில் இருநூறில் ஒரு பங்கு. பிறகு அதே இணைப்பில் விபிஎன் போட்டு அளந்தார். 3,000 கேபிபிஎஸ் வந்தது. குறியாக்கத்தின் சுமையையும் சுற்றுவழியின் நீளத்தையும் ஏற்றிய பிறகு வேகம் எட்டு மடங்கு கூடியது. எப்படி? நெட்ஃபிளிக்ஸின் தகவல் வெரைஸனுக்குள் நுழையும் எல்லையில் இணைப்புகள் நிரம்பி வழிந்தன. விபிஎன் வேறு வாசல் வழியாக நுழைந்தது. எல்லையில் நெரிசல் இருப்பதை வெரைஸனே ஒப்புக்கொண்டது. யார் குற்றம் என்பதில்தான் சண்டை. மெஷர்மென்ட் லேப் ஆய்வமைப்பு அந்த ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட ஆய்வு இதைப் பரவலாக உறுதிப்படுத்தியது. நியூயார்க்கில் கோஜென்ட் என்ற இடைநிலை நிறுவனத்தின் வழியே வரும் தகவல் காம்காஸ்ட், டைம் வார்னர், வெரைஸன் வாடிக்கையாளர்களுக்கு மாலை நேரங்களில் தள்ளாடியது. அதே ஊரில் அதே கோஜென்ட்டின் வழியே கேபிள்விஷன் வாடிக்கையாளர்களுக்கு ஒழுங்காக வந்தது. இரண்டு நிறுவனங்களுக்கு இடையே இருந்த வணிக உறவு எப்படியோ வேகமும் அப்படி. எந்த வீட்டின் பிளானும் அந்த ஒரு வருடத்தில் சுருங்கவில்லை. நெட்ஃபிளிக்ஸ் பிப்ரவரியில் காம்காஸ்ட்டுடன் பணம் கொடுத்து நேரடி இணைப்புக்கு ஒப்பந்தம் போட்டதும் அங்கே வேகம் ஏறியது.

இந்தியாவிலும் இந்த வரலாறு உண்டு, விளம்பரம் குறைவு அவ்வளவுதான். 2003-ல் நிக்ஸி என்ற தேசிய இணையச் சந்திப்பு தொடங்கப்பட்டதன் நோக்கமே உள்நாட்டுத் தகவல் உள்நாட்டிலேயே கைமாற வேண்டும் என்பதுதான். அதுவரை ஒரே நகரத்திலுள்ள இரண்டு நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் பேசிக்கொண்டால்கூட அது வெளிநாடு போய்த் திரும்புவது உண்டு. இன்று சென்னையில் நிக்ஸியோடு வேறு தனியார் சந்திப்புகளும் இருக்கின்றன. ஆனாலும் எந்த நிறுவனம் எங்கே யாருடன் நேராகக் கைகோக்கிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. கேபிள்களின் திசையும் கணக்கில் வரும். சென்னையில் கரையேறும் கேபிள்கள் பெரும்பாலும் கிழக்கே சிங்கப்பூரை நோக்கிப் போகின்றன. ஐரோப்பாவுக்கான வழி மும்பையைத் தொட்டுச் செங்கடல் வழியே போகிறது. 2025 செப்டம்பரில் ஜெத்தா அருகே கேபிள்கள் சேதமானபோது, மத்திய கிழக்கு வழியே போகும் தகவல் தாமதமாகலாம் என்று மைக்ரோசாஃப்ட் தன் அஸூர் வாடிக்கையாளர்களை எச்சரித்தது. ஃபிராங்க்ஃபர்ட்டில் விபிஎன் நுழைவாயில் வைத்திருக்கும் நிறுவனத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து வேலை செய்பவரை அது தொடும். சிங்கப்பூரில் வைத்திருக்கும் நிறுவனத்தின் ஊழியரை அவ்வளவாகத் தொடாது. இரண்டு பேரும் ஒரே தெருவில் ஒரே பிளானில் இருக்கலாம்.

சந்தா கட்டி வாங்கும் விபிஎன்களில் இது இன்னும் வேடிக்கையானது. 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களைப் பதிவுசெய்து ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் ஆகியவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை அகற்றின. சிலவற்றின் பட்டியலில் இந்தியா என்ற பெயர் அப்போதும் இருந்தது. எக்ஸ்பிரஸ்விபிஎன்னைப் பொறுத்தவரை அந்த இந்திய முகவரிக்குப் பின்னால் இருந்த இயந்திரங்கள் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் நின்றன. 'அருகிலுள்ள இந்திய சர்வரைத் தேர்ந்தெடுங்கள்' என்ற அறிவுரையை நம்பி ஒருவர் பிரிட்டன் போய்வந்துகொண்டிருந்தால், அவருக்கு ஜிகாபிட் பிளான் என்ன செய்துவிடும்?

பெரிய பிளானால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. வீடியோ எடிட் செய்பவர், பெரிய தரவுத்தொகுப்புகளை நாள்தோறும் ஏற்றி இறக்குபவர் ஆகியோருக்கு அகலம் வேண்டும்தான். அவர்களும் இறக்கத்தைவிட ஏற்றத்தின் எண்ணைக் கேட்பது நல்லது. விபிஎன் பயனருக்கு ஏற்றம் முக்கியமாவதற்கு இன்னொரு காரணம் வரிசை. வீட்டு ரௌட்டரில் ஒரு மெகாபைட் தகவல் வரிசையில் காத்திருக்கிறது, ஏற்றம் 5 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டால், கடைசியில் நிற்கும் பாக்கெட் வெளியேற ஒன்றரை வினாடிக்கு மேல் ஆகும். அடுத்த அறையில் கைபேசி படங்களை கிளவுடில் ஏற்றத் தொடங்கியதும் உங்கள் கூட்டத்தில் குரல் உடைவது இதனால்தான். ஜிம் கெட்டிஸ் இதற்கு பஃபர்புளோட் என்று பெயர் சூட்டி அம்பலப்படுத்தி ஒன்றரைப் பத்தாண்டு ஆகிறது. 2012-ல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடல் என்ற தீர்வையும் தந்தார்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற ரௌட்டர் மென்பொருளில் அதன் வழிவந்த வரிசை மேலாண்மை இலவசமாகவே இருக்கிறது. ஏற்றம் 100 எம்பிபிஎஸ் ஆக இருந்தால் அந்த ஒரு மெகாபைட் கண்ணிமைக்கும் நேரத்தில் வெளியேறிவிடும் என்பதால் இங்கே பெரிய எண் உதவுகிறது, மறுக்கவில்லை. வரிசையைச் சரிசெய்தால் சிறிய எண்ணே போதும் என்பதையும் மறுக்க முடியாது.

இணைய நிறுவனத்தின்மேல் என்ன தவறு, எல்லாம் விபிஎன் மென்பொருளைப் பொறுத்தது என்பார் சிலர். இதில் பாதி உண்மை. 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கர்னலில் சேர்ந்த வயர்கார்ட், பழைய ஓப்பன்விபிஎன்னைவிடக் கணினிக்கு மிக இலகுவானது. ஓப்பன்விபிஎன்னை டிசிபி முறையில் ஓட்டினால் டிசிபிக்குள் டிசிபி என்றாகி, ஓர் இழப்புக்கு இரண்டு அடுக்கும் தனித்தனியே பதறி ஒன்றையொன்று மூழ்கடிக்கும். ஆனால் அலுவலக விபிஎன்னின் நெறிமுறையை ஊழியர் தேர்ந்தெடுப்பதில்லை. மோசமான நெறிமுறை மாட்டியவருக்குத்தான் இழப்பில்லாத பாதை இன்னும் அவசியம். இதே வகையில் இணைய நிறுவனத்தைச் சார்ந்த வேறு இரண்டு செய்திகள் எம்பிபிஎஸ்ஸின் நிழலில் மறைந்துபோகின்றன. ஒன்று, பாக்கெட் அளவு. பிபிபிஓஇ முறையில் இணைப்பு தரும் நிறுவனங்களில், பிஎஸ்என்எல் உட்பட, ஒரு பாக்கெட்டின் உச்சம் 1,500 பைட்டிலிருந்து 1,492 ஆகக் குறைகிறது. அதற்குள் வயர்கார்ட் ஐபிவி4 பாதையில் 60 பைட்டை எடுத்துக்கொள்ளும். விபிஎன் மென்பொருளில் அளவைச் சரியாக வைக்காவிட்டால் பெரிய பாக்கெட்டுகள் மட்டும் வழியில் காணாமல் போகும். இணைப்பு கிடைத்துவிடும், சாட் ஓடும், கோப்பு மட்டும் திறக்காது. இதைப் பார்த்து ஸ்பீட் போதவில்லை என்று பிளானை ஏற்றியவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். மற்றொன்று, பொது முகவரி. ஆசிய-பசிபிக் பகுதியில் ஐபிவி4 முகவரிகள் 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கையிருப்புக்கு வந்துவிட்டன. அதனால் பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. வெளியூரிலிருந்து தன் வீட்டுக் கணினிக்கே விபிஎன் போட நினைப்பவருக்கு அங்கே கதவில்லை. தனி முகவரியோ நல்ல ஐபிவி6 வசதியோ தரும் நிறுவனம் அவருக்கு எந்த ஜிகாபிட்டையும்விட மேல்.

நிறுவனங்கள் விபிஎன்னை வேண்டுமென்றே நெரிக்கின்றன என்ற குற்றச்சாட்டும் அடிக்கடி கேட்கிறது. எங்குமே நடப்பதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இணையச் சமநிலை 2018-லிருந்து இந்தியாவில் உரிம நிபந்தனையாக இருக்கிறது. மேலே சொன்ன ஒற்றை ஓட்டம், நிரம்பிய எல்லை இணைப்பு, நீண்ட பாதை மூன்றும் அச்சு அசலாக நெரிப்பதுபோன்ற தோற்றத்தைத் தரவல்லவை. போர்ட்டை அல்லது நெறிமுறையை மாற்றியும், வேறொரு நகரத்து நுழைவாயிலைப் போட்டும் பார்க்க வேண்டும். இடத்தை மாற்றினால் சரியாகிறது, நெறிமுறையை மாற்றினால் ஆகவில்லை என்றால் நோய் பாதையில்தான்.

இதையெல்லாம் சாதாரண ஆள் எப்படி அளப்பது என்ற எதிர்ப்பு மட்டும் நியாயமானது. பிளானின் எண் எளிமையானது, பாதை அப்படி இல்லை. எனினும் வேண்டியது இரண்டு கட்டளைகள்தான். விபிஎன் நுழைவாயிலின் பெயரை அலுவலகத்திடம் கேட்டு வாங்கி, விண்டோஸில் பிங்கும் பாத்பிங்கும் ஓட்டலாம். காலை பத்து மணிக்கு ஒருமுறை, இரவு எட்டிலிருந்து பத்துக்குள் ஒருமுறை. இரவில் நேரம் இரட்டிப்பானாலோ பாக்கெட்டுகள் தொலைந்தாலோ வழியில் எங்கோ நெரிசல். நடுவழி ரௌட்டர் ஒன்றில் மட்டும் இழப்பு தெரிந்து கடைசி முனையில் தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம். பல ரௌட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கின்றன. நுழைவாயில் பிங்குக்கே பதில் தராது என்றால் அதற்கு முந்தைய முனைவரை பார்த்தாலும் போதிய அளவு தெரிந்துவிடும். புது நிறுவனத்துக்கு மாறும்முன் அதே நிறுவனத்தின் இணைப்பை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடமோ சக ஊழியரிடமோ இதை ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம். அளவு சந்தேகமாக இருந்தால் ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்பணம் கட்டுவதைத் தவிர்த்து ஒரு மாதம் எடுத்துப் பார்க்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-ல் கொண்டுவந்த சேவைத்தர விதிமுறைகளில் தாமதமும் பாக்கெட் இழப்பும் அளவுகோல்களாக இடம்பெற்றிருக்கின்றன. விளம்பரப் பலகைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

தேர்வே இல்லாத ஊர்கள் பல என்பதும் தெரிந்ததே. உள்ளூர் கேபிள்காரரின் ஃபைபர் ஒன்று, அதை விட்டால் பிஎஸ்என்எல் என்ற நிலையில்கூட இரண்டின் பாதையும் ஒன்றாக இருக்காது. கேபிள்காரர் யாரிடம் மொத்தமாக வாங்கிச் சில்லறைக்கு விற்கிறார் என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். காற்றில் வரும் 5ஜி வீட்டு இணைப்பைச் சிலர் மாற்றாகச் சொல்கிறார்கள். எண்ணில் அது பெரிதுதான். கோபுரத்தில் கூட்டம் ஏறும்போது தாமதம் தாறுமாறாக ஊசலாடுவதால், ஃபைபர் கிடைக்கும் இடத்தில் விபிஎன்னுக்கு அது இரண்டாம் பட்சம்.

கடைசியாக, பொறுப்பு முழுவதையும் ஊழியரின் தலையில் கட்டுவதும் இந்தப் பெரிய பிளான் வாதத்தின் ஓர் உபயோகம். 'உங்கள் நெட்தான் சரியில்லை' என்று சொல்லிவிட்டால் ஐடி பிரிவின் வேலை முடிந்தது. தமிழ்நாட்டில் ஆயிரம் பேரை வைத்துக்கொண்டு அத்தனை பேரையும் அமெரிக்காவிலுள்ள ஒரே நுழைவாயிலுக்கு அனுப்பும் நிறுவனம், சுற்றறிக்கையில் எம்பிபிஎஸ் எண்ணைப் போடும்முன் தன் நுழைவாயில் எங்கே இருக்கிறது என்பதைப் போட வேண்டும். மைக்ரோசாஃப்ட்டுக்குச் சென்னையிலேயே தரவு மையம் உண்டு. அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் உண்டு. அங்கே ஒரு நுழைவாயிலை வைத்தால் நியூயார்க் அருகில் வந்துவிடாது. ஆனால் நெரிசலும் இழப்பும் நிறைந்த பொதுப் பாதை சில நூறு கிலோமீட்டராகச் சுருங்கி, மீதித் தொலைவு இழப்பு குறைந்த தனியார் வலையமைப்பில் போகும். கூட்டச் செயலிகளை விபிஎன்னுக்கு வெளியே நேராக விட்டால் சுமை இன்னும் குறையும். இந்த இரண்டையும் செய்யாத அலுவலகம் வீட்டு பிளானை ஏற்றச் சொல்லும்போது, அந்தக் கூடுதல் சந்தாவை யார் கட்டுவது என்று ஊழியர் திருப்பிக் கேட்கலாம்.